சுவாமிமலைப் பட்டறையில் வார்த்த ஆங்கிலோ-சாக்சன் புதைகுழிப் பொருள்கள்

கும்பகோணத்துக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஏறத்தாழ 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் இறந்தவர்களோடு புதைத்த ஆயுதங்களையும் அணிகளையும் படத்தில் மட்டும் பார்த்த மாணவர்களுக்கு அவற்றின் அளவும் கனமும் பிடிபடவில்லை. அதனால் தோளுக்கு ஒன்றாகப் பெண்கள் அணிந்த தட்டு வடிவ புரூச் (உடையைப் பிணைக்கும் ஊசி வைத்த அணி) ஒரு ஜோடியையும், 1939-இல் கிழக்கு இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் கிடைத்த பொன் பெல்ட் பக்கிளின் நகலையும் சுவாமிமலையில் ஒரு பட்டறையில் வார்க்கச் சொன்னேன். மொத்தம் 14,500 ரூபாய் ஆயிற்று. நான்கு வார வேலை ஏழு வாரம் இழுத்தது. விடாத மழையில் மண் பூசிய வார்ப்பு அச்சு காயாது என்பதால் அதை நான் குறையாகக் கருதவில்லை.

புரூச்கள் மிக நன்றாக வந்திருக்கின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மாவாக அரைத்து முதல் பூச்சாகத் தடவுகிறார்கள். மெழுகில் பதிந்த நகக்கீறல்கூட அந்த வண்டலில் அப்படியே இறங்கிவிடுகிறது. ஐந்து சுருள்களும், அவற்றைச் சுற்றிச் சாய்ந்து எழும் விளிம்பும் விரலால் தடவினாலே தனித்தனியாகத் தெரிகின்றன. பின்புறத்தில் மட்டும் பித்தளை ஊசியைப் பற்றவைத்திருந்தார்கள். "பின்பக்கத்தை யார் சார் பார்க்கப் போறாங்க?" என்றார் ஸ்தபதி. அகழாய்வாளர் முதலில் பார்ப்பதே பின்பக்கத்தைத்தான், இரும்பு ஊசியின் துருவில் உடையின் இழைகள் படிந்து நின்று, அந்தத் துணி எப்படி நெய்யப்பட்டது என்பதை இன்றும் காட்டுகின்றன என்று விளக்கினேன். மறு வாரமே இரும்பு ஊசி பொருத்தித் தந்தார். கூடுதல் பணம் கேட்கவில்லை.

பக்கிளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மூலப்பொருள் 13.2 செ.மீ. நீளமும் 412.7 கிராம் எடையும் கொண்ட பொள்ளலான பொற்பெட்டி. அதன் பின்தகடு கீலில் திறக்கும். இவர்களோ சாமி சிலைக்குப் பழகிய கையோடு கனமாகவே வார்த்துவிட்டதால், வெண்கலத்திலேயே எடை 700 கிராமைத் தாண்டிவிட்டது, உள்ளறையும் இல்லாமல் போயிற்று. மூலத்தில் உள்ள கறுப்புக் கோடுகளுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். துடைத்தால் கையில் ஒட்டுகிறது. அதைவிட வருத்தம் தந்தது மேற்பரப்பில் உள்ள விலங்குப் பின்னல். ஒன்றன் உடலுக்குள் மற்றொன்று நுழைந்து செல்லும் 13 உயிர்களில் ஒரு பாம்பு, அடியில் புகுந்து மறுபுறம் வர வேண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. சிக்குக் கோலம் போடுகிற எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கக்கூடிய பிழை இது.

ஈட்டிமுனையையும் இங்கேயே கேட்டேன்; ஆண்களின் குழிகளில் அதிகம் கிடைக்கும் ஆயுதம் அதுதான், வாள் அரிது. இரும்பு வேலை தங்களுடையதல்ல என்று நேர்மையாகச் சொல்லிக் கொல்லரிடம் அனுப்பினார்கள். காம்பு செருகும் குழலை முழுதும் மூடாமல் பிளவு விட்டு உருட்டும் அந்த முறையை, களைக்கொட்டு அடித்துப் பழகிய அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிணத்தோடு புதைத்தவற்றின் நகலைச் சாமி வார்க்கும் இடத்தில் செய்யச் சொல்வதற்கு எனக்கே முதலில் தயக்கம் இருந்தது. "நம்ம ஆளுங்களும் தாழிக்குள்ள கத்தியும் மணியும் வச்சாங்களே சார்" என்று சொல்லி ஸ்தபதிதான் அதைப் போக்கினார்.

ஒரே துண்டாக வார்க்கும் அணிகளுக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் நாடலாம். உள்ளறையோ கீலோ உள்ள பொருளானால், நான்கு பக்கப் படங்களையும் எடையையும் எழுதிக் கொடுத்து, மெழுகு உருவத்தை நேரில் பார்த்த பிறகே மண் பூசச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை. பக்கிளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பொள்ளலாக மீண்டும் வார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.