ஊர்ப்பிள்ளை, சங்கத்துக்காரர், முதலாளி: குமரியில் சட்டமன்ற வேட்பாளரை எதைக் கொண்டு அளப்பது?

கருங்கல் சந்தையில் ஒரு மாலை நேரம். திறந்த ஜீப்பிலிருந்து இறங்கிய வேட்பாளர், சாளை மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் முன்னால் கைகூப்பி நின்றார். "அம்மா, நான் உங்கள் வீட்டுப் பிள்ளை. இந்த மண்ணில் பிறந்தவன்" என்றார். பாட்டியின் கை நிற்கவில்லை. "சந்தோஷம் மக்களே. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் அடைந்து வள்ளம் கவிழ்கிறதே, அதற்கு நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டார். "எல்லாம் செய்து தருகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வேட்பாளர் மேளச் சத்தத்தோடு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று நம் மாவட்டத்துக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆறிலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளர்கள் தங்கள் வரலாற்றைச் சொல்கிறார்கள்: எங்கே பிறந்தேன், யார் பிள்ளை, எத்தனை வருடம் கட்சியில் உழைத்தேன். ஏன் சட்டமன்றத்துக்குப் போக விரும்புகிறேன் என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். "மக்கள் சேவை செய்ய." சேவையைப் பஞ்சாயத்திலும் செய்யலாம், பதவியே இல்லாமலும் செய்யலாம். மாநிலப் பதவி எதற்கு என்பதற்கு அது பதிலாகாது. ஆகவே, நம்மிடம் வாக்குக் கேட்டு வருகிறவர்களில் அடிக்கடி பார்க்கும் சில வகையினரை, அவர்கள் பின்னணியையும் அவர்கள் சொல்லும் காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் உள்ளாட்சி வழியாக வருகிறவர். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர் என்று படிப்படியாக ஏறியவர். எந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது, எந்தக் குளத்தில் மடை அடைந்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்வார். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எத்தனை நாளாகும் என்பதும் தெரியும். இந்த அனுபவத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கால்வாய்களை நம்பித்தான் இன்றும் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் விளைகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயி கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது, கால்வாய்க் கரையில் நடந்து பழகிய ஒருவர் பக்கத்தில் நின்றால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். நீர்வளத் துறை மாநில அரசின் கையில் இருப்பதால் இவருடைய பின்னணியும் பதவியும் இந்த இடத்தில் நேராகப் பொருந்துகின்றன.

குறை எங்கே என்றால், இவர்களில் பலர் சட்டமன்றத்தையும் பெரிய பஞ்சாயத்தாகவே பார்க்கிறார்கள். நோட்டீசில் தெருவிளக்கு, கலையரங்கம், பயணிகள் நிழற்குடை. தொகுதி மேம்பாட்டு நிதியில் இவற்றைக் கட்டிவிடலாம்; கல்வெட்டில் பெயரும் வரும். சட்டம் ஒன்றைத் திருத்த வேண்டும் என்று எழுதிய நோட்டீசை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் சங்கத்துக்காரர், போராட்டத்தில் வளர்ந்தவர். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் கடைசியில் நம் கடற்கரையைப் புரட்டிப் போட்டபோது, கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லி மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஊரைத் திரட்டியவர்கள், காணாமல் போனவர்களின் பட்டியலைக் கையால் எழுதி வீடு வீடாகச் சரிபார்த்தவர்கள் எல்லாக் கடற்கரை ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட வந்தால் அவர் சொல்லும் காரணத்துக்கு எடை அதிகம். அது பட்ட காயத்திலிருந்து வருகிறது.

மண்ணின் மைந்தர் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இந்த மாதிரி ஆளிடம்தான் தெரியும். சின்ன உதாரணம்: சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு கடல், இரண்டு தடைக்காலம். தடைக்கால நிவாரணம் எந்த மாதம் எந்த ஊருக்குக் கைக்கு வர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். யார் கடற்கரையில் வாழ்ந்தவர், யார் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டவர் என்பது உடனே வெளியே வந்துவிடும்.

ஆனால் போராட்டத்தில் எதிரே நிற்கும் அதிகாரி யாராக இருந்தாலும் கோரிக்கை வைக்கலாம். சட்டமன்றத்தில் மாநிலத்தின் கையில் இருப்பதைத்தான் நகர்த்த முடியும். மலையோரத்து ரப்பர்த் தோட்டங்களில் இது தெளிவாகத் தெரியும். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளியின் வாழ்க்கையை இரண்டு இடங்கள் தீர்மானிக்கின்றன. இறக்குமதி வரியும் ரப்பர் வாரியமும் மத்திய அரசைச் சேர்ந்தவை. அரசு ரப்பர் கழகமும் அதன் தொழிலாளர் ஊதியமும் தமிழ்நாட்டு அரசைச் சேர்ந்தவை. "ரப்பர் விலையை உயர்த்துவேன்" என்று ஒரு சட்டமன்ற வேட்பாளர் சொன்னால் அவர் தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்கிறார். "கழகத் தொழிலாளியின் ஊதிய ஒப்பந்தத்தைச் சட்டமன்றத்தில் எழுப்புவேன்" என்றால் அவருக்கு வேலை தெரிந்திருக்கிறது.

மூன்றாமவர் முதலாளி. இவரைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. "சொந்தப் பணத்தில் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தேன், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினேன், திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தேன்" என்பார். அத்தனையும் நல்ல காரியம்தான், வாங்கியவர்கள் நன்றி மறக்கவும் கூடாது. இருந்தாலும் தானம் செய்யும் மனதும் பட்ஜெட் விவாதத்தில் ஒரு துறை தன் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கையைப் படித்துக் கேள்வி எழுப்பும் பழக்கமும் வேறு வேறு. சட்டமன்ற வேட்பாளரின் தேர்தல் செலவுக்கு 2022-இல் 40 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஊர் முழுக்கத் தட்டி வைத்து, வரிசையாக வண்டி விட்டு வருகிறவர் அந்தக் கணக்குக்குள் நிற்கிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை.

வெளியூர்க்காரரா உள்ளூர்க்காரரா என்ற வாதமும் தேர்தல்தோறும் எழுகிறது. நம் மாவட்டத்தின் வரலாறு இதற்கு ஒற்றைப் பதில் தரவில்லை. பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி உள்ளூர்க்காரர். அவர் அரசியலில் நின்ற காரணத்தைப் படிக்காதவரும் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும். 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1968-இல் அவர் மறைந்தபின், காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு 1969-இல் இடைத்தேர்தல் வந்தது. அதில் நம் மக்கள் தேர்ந்தெடுத்தது விருதுநகர்க்காரரான காமராஜரை. உள்ளூர்க்காரர் இருந்த இடத்தில் வெளியூர்க்காரரை உட்காரவைத்தது இதே மாவட்டம்தான். விளவங்கோடு, கல்குளம் பகுதியின் வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக மாத்தூரில் எழுந்த தொட்டிப்பாலமும் காமராஜர் ஆட்சியோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. மறுபக்கம், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த எச். வசந்தகுமார் சட்டமன்றத்துக்குப் போனது பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியிலிருந்து, 2006-லும் 2016-லும். 2019-இல்தான் சொந்த மாவட்டத்தின் மக்களவை உறுப்பினர் ஆனார். பிறந்த ஊரையும் தொகுதியையும் ஒட்டவைத்துப் பார்ப்பதில் ஓரளவுக்குமேல் பயனில்லை என்பது என் எண்ணம். பிறப்பைவிடக் காரணம் கனமாக இருக்க வேண்டும்.

அதனால் காரணங்களையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நான்குவழிச் சாலையை முடிப்பேன் என்பார்கள். தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் வேலை. நில எடுப்பில் மாவட்ட நிர்வாகத்தை விரைவுபடுத்துவேன் என்றால் ஏற்கலாம். கடற்கரைத் தாது மணல் பற்றிப் பேசுவார்கள். அந்த மணலில் இருக்கும் மோனசைட் அணுசக்திக் கனிமம், அதன் கடிவாளம் டெல்லியில். மாநில அரசின் நிலைப்பாட்டில் தன் குரல் எப்படி இருக்கும் என்று வேட்பாளர் சொல்லட்டும். ஆனால் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949 முழுக்க மாநிலச் சட்டம். அதன்கீழ் வந்த நிலத்தை விற்கவும் மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதிக்கு அலைகிற சிறு விவசாயிகள் மலையோரத்தில் இருக்கிறார்கள். காட்டைக் காக்கவும் வேண்டும், அந்தச் சிறு விவசாயியை நசுக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்து எழுதும் ஒரு திருத்தத்தைச் சட்டமன்றத்தால் மட்டுமே கொண்டுவர முடியும். சிறு கனிமங்களான பாறையும், அதை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலும் மாநிலத்தின் கையில்தான். அவற்றை ஏற்றிக்கொண்டு களியக்காவிளை எல்லை வழியாக இரவில் கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகளைப் பற்றிப் பேசாத வேட்பாளரை விளவங்கோட்டில் யார் நம்புவது?

மூவரில் யார் என்று கேட்டால், உள்ளாட்சியில் வேலை பார்த்துவிட்டு, ஒரு போராட்டத்திலாவது மக்களோடு வெயிலில் நின்றவருக்கே என் மனம் சாயும். கோப்பும் தெரிய வேண்டும், கோபமும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பெண்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். சுய உதவிக் குழு, முந்திரி ஆலைத் தொழிலாளர் சங்கம், ஊராட்சி மன்றம் என்று மூன்றிலும் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விளவங்கோட்டில் விஜயதரணி 2011 முதல் மூன்று முறை வென்றதையும், அவர் பதவி விலகியபின் 2024 இடைத்தேர்தலில் தாரகை கத்பர்ட் வென்றதையும் பார்த்த பிறகும், மற்றத் தொகுதிகளில் பெண்ணுக்குச் சீட்டுக் கொடுக்கக் கட்சிகள் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பின்னணியைச் சரிபார்க்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள். சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்கு, படிப்பு, வருமானம் எல்லாம் அதில் உண்டு. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நான் வாசிக்கும்போது முதலில் தொழில் என்ற இடத்தைப் பார்ப்பேன், பிறகு வழக்குகளின் பிரிவு எண்களை. மறியல் செய்ததற்காகப் போட்ட வழக்கும் மோசடி வழக்கும் ஒரே பட்டியலில்தான் இருக்கும். பிரிவைப் படித்தால்தான் வேறுபாடு தெரியும். குற்ற வழக்கு உள்ளவர் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரப்படுத்த வேண்டும் என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் வெளியிட வேண்டும் என்று 2020-இல் உத்தரவிட்டது.

அந்தப் பத்திரத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, ஏன் போட்டியிடுகிறேன் என்பதற்கு இல்லை. அதை வாயால்தான் கேட்க வேண்டும், கருங்கல் சந்தையில் அந்தப் பாட்டி கேட்டதுபோல. மறுநாள் காலை அவரிடம் சாளை வாங்கப் போனேன். "அந்தத் தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடியும் நேரத்தில் எங்கள் ஊருக்கு வருகிறானாம்" என்றார். "மணல் விஷயத்தை மறுபடியும் கேட்பேன். நீயும் வா மக்களே, அவன் சொல்வதைத் தாளில் எழுதி எடு."