தக்கலை டு துபாய்: 12 வருடம் பறந்து பார்த்த கணக்கு

டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பது இதுதான்: “போகதுக்கு மூணு மணிக்கூறு கூட இல்ல, வாறதுக்கு மட்டும் அஞ்சரை மணிக்கூறா மக்களே?”

குமரி மாவட்டத் தக்கலைக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். அங்கே காலை 4.30க்கு ஏறினால் துபாயில் 7.15க்கு இறக்கம் என்று போட்டிருக்கும். திரும்பும்போது இரவு 10க்கு ஏறினால் விடிகாலை 3.30. இரண்டு ஊருக்கும் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேர வித்தியாசம், அவரவர் ஊர் நேரத்தை அச்சடிக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையில் போக நாலேகால், வர நாலு மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரம் காற்றின் வேலை. சக்கரம் தரையை விட்டதும் மணி பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்தால், போகும்போது வானத்தில் இருப்பது நாலு மணி நேரத்தை ஒட்டி வரும். திரும்பும்போது பெரும்பாலும் மூன்றரை. அரபிக்கடலின் வடபாதியில் உயரே மேற்கிலிருந்து வீசும் காற்று டிசம்பர், ஜனவரியில் வலுக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே பின்னால் நின்று தள்ளும். கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சீக்கிரம் இறங்கிவிடுவேன். ஆனால் பெட்டி வரும் பெல்ட் முன்னால் நின்றே அந்த லாபம் போய்விடும்.

தூரம் நேர்க்கோட்டில் சுமார் 2,950 கிலோமீட்டர். நாம் மேற்குக் கடலோரம், அதனால் துபாய் நமக்குத்தான் பக்கம் என்று நினைத்திருந்தேன். அளந்து பார்த்தால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏறக்குறைய இதே தூரம்! துபாய் வடமேற்கில் இருக்கிறது, நாம் தெற்கே தள்ளிக் கிடக்கிறோம். அதற்காக தக்கலைக்காரன் சென்னைக்குப் போய் ஏற முடியுமா? டிக்கெட் மலிவு என்று ஒருமுறை மும்பை வழியாகப் போனேன். மிச்சம் பிடித்த காசு அங்கே சாயாவுக்கும் சாப்பாட்டுக்குமே போனது. நேர் விமானம் இருக்கும்போது அந்த வேலையே வேண்டாம்.

என்னைக் கேட்டால் பாடு வானத்தில் இல்லை, ரோட்டில்தான். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் வரை ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்குப் பகலில் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம் தாண்டும். எல்லையோரம் காரோடு என்ற ஊரிலிருந்து பைபாஸ் ரோடு வந்தபிறகு பின்பாதி பரவாயில்லை, மார்த்தாண்டம் நெரிசல் மட்டும் மாறவில்லை. விடிகாலை விமானமே எனக்கு வசதி. நடு ராத்திரியில் ரோடு காலியாக இருக்கும்.

அப்புறம் ஆறாட்டு, அதாவது சாமியைக் கடலில் நீராட்டும் விழா. பத்மநாபசுவாமி கோவில் ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். வருடத்தில் இரண்டு நாள், ஐப்பசியிலும் பங்குனியிலும், அதற்காக மாலையில் ஐந்து மணி நேரம் ஓடுபாதையை மூடுவார்கள். இதெல்லாம் தெரிந்தும் ஒரு ஐப்பசியில் மாட்டிக்கொண்டேன். மாலை விமானத்தை இரவுக்கு மாற்றிய செய்தி, டிக்கெட் போட்ட ஏஜென்சி நம்பருக்குப் போயிருக்கிறது. அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி அம்மா கூப்பிட்டு, “எறங்கியாச்சா மக்களே?” என்றார். நான் இன்னும் உள்ளேயே போகவில்லை.

இப்போது டிக்கெட் போடும்போது என் நம்பரைத்தான் கொடுக்கிறேன். ஐப்பசி, பங்குனி என்றால் முதலில் ஆறாட்டுத் தேதி, பிறகுதான் விலை.