கில்லார்டின் விலையா, அபாட்டின் ஏலமா?

ஆஸ்திரேலியாவில் கார்பன் உமிழ்வை எப்படிக் குறைப்பது என்ற விவகாரம் பிரதமர்களையே காவு வாங்கியிருக்கிறது. அங்கே மோதிய இரண்டு திட்டங்களில், கொடுத்த வாக்கை மீறியவரின் திட்டம்தான் எனக்கு உருப்படியாகத் தெரிகிறது.

2010 தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அப்போதைய பிரதமர், லேபர் கட்சியின் ஜூலியா கில்லார்ட், தன் தலைமையிலான அரசில் கார்பன் வரி இருக்காது என்று தொலைக்காட்சியில் சொன்னார். உமிழ்வு வணிகத்தை, அதாவது கார்பன் வெளியிடும் அனுமதியை நிறுவனங்கள் சந்தையில் வாங்கி விற்கும் முறையை மட்டும் அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த நுணுக்கம் யாருக்கு நினைவிருக்கும்? யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பசுமைக் கட்சியும் சில சுயேச்சைகளும் தாங்கிப் பிடிக்க ஆட்சி அமைத்தவர், 2012 ஜூலை 1 முதல் கார்பன் உமிழ்வுக்கு டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்று விலை வைத்தார். மூன்று ஆண்டுகள் அரசு நிர்ணயிக்கும் விலை, அப்புறம் சந்தை விலை என்பது ஏற்பாடு.

எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் விடுவாரா? எஃகு ஆலை இருக்கும் வயாலா நகரமே வரைபடத்திலிருந்து காணாமல் போகும் என்றார். வயாலா அங்கேயேதான் இருந்தது. இருந்தாலும் 2013இல் ஜெயித்தார். 2014 ஜூலையில் சொன்னபடியே சட்டத்தை ரத்து செய்தார்.

சரி, பணம் யார் கையிலிருந்து போனது? கில்லார்ட் திட்டத்தில் புகை விடும் பெரிய நிறுவனங்கள் கட்டின. விலைவாசி ஏறும் என்பதால் குடும்பங்களுக்கு ஈடும் கிடைத்தது: வருமான வரி விலக்கு வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 ஆனது. அபாட் திட்டத்தில் அரசே 255 கோடி டாலர் ஒதுக்கி ஏலம் விட்டது. குறைந்த விலைக்கு உமிழ்வைக் குறைப்பதாகச் சொன்னவர்களுக்கு ஒப்பந்தம். 2015 ஏப்ரலில் நடந்த முதல் ஏலத்தில் சராசரி விலை டன்னுக்கு 13.95 டாலர். கேட்க மலிவுதான். ஆனால் கட்டியது மக்களின் வரிப்பணம். எப்படியும் நடந்திருக்கக்கூடிய வேலைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோமோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

கில்லார்ட் காலத்தில் மின்துறை உமிழ்வு இறங்கியது. மின்தேவை குறைந்ததும், நீர்மின்சாரம் கூடியதும் அதற்குக் கைகொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

வாக்கு தவறாதவர் என்று அபாட்டைக் கொண்டாடவும் முடியாது. 2013 தேர்தலுக்கு முந்தைய நாள், கல்வியிலும் சுகாதாரத்திலும் வெட்டு இல்லை, அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசிக்கும் வெட்டு இல்லை என்றார். 2014 பட்ஜெட் வேறு கதை சொன்னது. அந்தக் கோபம் கார்பன் வரிக் கோபம் அளவுக்கு ஏன் நீடிக்கவில்லை என்பது எனக்கு இன்னமும் புரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அபாட் திட்டத்திலேயே பெரிய ஆலைகளுக்கு ஓர் உமிழ்வு வரம்பு இருந்தது, பல்லில்லாமல். 2023இல் லேபர் அரசு அதைத்தான் இறுக்கியது. ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல் உமிழும் ஆலைகளின் வரம்பு பொதுவாக ஆண்டுக்கு 4.9 சதவீதம் இறங்குகிறது. அதைத் தாண்டுகிறவர்கள் காசு கொடுத்து கார்பன் கிரெடிட், அதாவது வேறு யாரோ உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று, வாங்க வேண்டும்.