தி ரயில்வே மேன்: அம்மாவோடு பார்த்த படம்

சயாம் மரண ரயில் பற்றிய படம் என்று சொன்னதும் அம்மா சமையலை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதை அது. 2013இல் வந்த 'தி ரயில்வே மேன்', எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் உண்மைக் கதை. 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டவர். கைதிகள் முகாமில் ரகசியமாக ரேடியோ வைத்திருந்ததற்காக அவரை அடித்து, தண்ணீரைப் பாய்ச்சி மூச்சுத்திணற வைத்து விசாரிக்கிறார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் நாகசே தகாஷி. பல ஆண்டுகள் கழித்து லோமாக்ஸ் அவரைத் தேடிப் போகிறார்.

லோமாக்ஸாக காலின் ஃபெர்த், அவர் மனைவியாக நிக்கோல் கிட்மன், இருவருமே நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் என்னை உலுக்கியது வயதான நாகசேயாக வரும் ஹிரோயுகி சனடா. அந்தப் பழைய விசாரணைக் கட்டடத்திலேயே வயதான நாகசே வழிகாட்டியாக இருக்கிறார். லோமாக்ஸ் அவரை மேசைக்கு எதிரே உட்காரவைத்து, அன்று தன்னை விசாரித்த மாதிரியே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். ஒரு கட்டத்தில் கையை உடைக்கக் கட்டையை ஓங்குகிறார். அடி விலகி விழுகிறது. சனடாவின் முகத்தில் பயத்தை விட வெட்கம்தான் அதிகம் தெரிகிறது. அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் படத்தில் லோமாக்ஸ் கத்தியோடு பழிவாங்கப் போவதெல்லாம் சினிமாவுக்காகச் சேர்த்தது. நிஜத்தில் லோமாக்ஸின் மனைவிதான் நாகசேக்கு முதலில் கடிதம் எழுதினார். அப்புறம் 1993இல் லோமாக்ஸும் நாகசேயும் தாய்லாந்தில், அந்த ரயில் பாதையின் குவாய் பாலத்தருகே சந்தித்தார்கள். அந்தக் கடிதங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால், மன்னிப்பு எவ்வளவு மெதுவாக வருகிறது என்று புரிந்திருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. அந்த ரயில் பாதை சுமார் 415 கிலோமீட்டர். 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கே இறந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர்கள் அதைப் போலப் பல மடங்கு பேர் செத்தார்கள். அம்மாவின் பெரியப்பாவும் தோட்டத்திலிருந்து போனவர்தான், திரும்பவில்லை. படத்தில் இவர்கள் யாருக்கும் முகமே இல்லை. இது லோமாக்ஸின் கதை, சரி. இருந்தாலும் ஒரு காட்சியாவது வைத்திருக்கலாம் என்று மனசு கேட்கத்தான் செய்கிறது.

அம்மா கடைசியில் அழுதது நாகசேக்காக. "பாவம், எத்தனை வருஷமா சுமந்துருக்கான்" என்றார். எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனம் இளகவில்லை.

சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். வீட்டில் சயாம் கதை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு பாருங்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அவர்களைப் பேச விடுங்கள்.