கிணற்றிலும் ஏரியிலும் நோக்டா பல்ஸ்டைவ்: நீரடி மெட்டல் டிடெக்டர் பற்றி ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நகை நீருக்குள் விழுவது அரிதான செய்தியன்று. தோட்டத்துக் கிணற்றில் குளிக்கும்போது கழன்று விழும் தோடு, ஆடிப்பெருக்கன்று தென்பெண்ணைப் படித்துறையில் நழுவிப்போகும் மெட்டி, ஏரியில் பிள்ளைக்கு நீச்சல் பழக்கும்போது விரலைவிட்டு உருவிக்கொள்ளும் மோதிரம் என ஊருக்கு ஊர் இழப்புகள் உண்டு. குடமோ வாளியோ விழுந்தால் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் ஏதாவது ஒரு கொக்கியில் அது மாட்டிக்கொள்ளும். இரும்புச் சாவியையும், இன்று புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகு நாணயங்களையும் வலுவான காந்தம் எடுத்துவிடும். தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. சிறு நகை பாதாளக் கரண்டியிலும் சிக்குவதில்லை. மோட்டார் போட்டு நீர் முழுவதையும் இறைத்து, ஆள்விட்டுச் சேற்றை அள்ளிச் சலிப்பதே இதுவரை இருந்த வழி. ஊற்று வலுவாக உள்ள கிணற்றில் அதுவும் நடக்காது. இந்த இடத்தில்தான் காற்றுச் சிலிண்டருடன் கூடிய ஸ்கூபா சாதனம் அணிந்து இறங்குபவர் கையில் ஒரு நீரடி டிடெக்டர் இருந்தால் எவ்வளவு பயன் என்ற கேள்வி எழுகிறது.

நான் பயன்படுத்திவருவது துருக்கியின் இஸ்தான்புல் நகரத்து நிறுவனமான நோக்டா தயாரிக்கும் பல்ஸ்டைவ். இது ஒரே கைப்பிடியில் இரண்டு கருவிகள். முனையில் வட்டச் சுருளைப் பொருத்தினால் பரப்பைத் துழாவும் டிடெக்டராகவும், அதைக் கழற்றிவிட்டுக் குச்சி போன்ற முனையைப் பொருத்தினால் பொருள் கிடக்கும் புள்ளியைத் தொட்டுக்காட்டும் பாயிண்டராகவும் அமைகிறது. உள்ளே மின்னேற்றம் செய்யக்கூடிய பேட்டரி உண்டு. ஒலியாகவும் அதிர்வாகவும், இரண்டும் சேர்ந்தும் அறிவிக்கிறது. நீருக்குள் 60 மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்பது நிறுவனம் தரும் உறுதி. நம் பகுதிக்கு இந்த எண் தேவைக்கு மிக அதிகம். கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டமே 52 அடி, அதாவது ஏறத்தாழ 16 மீட்டர். ஆகவே ஆழத்தின் அளவைப் பார்த்து இதை வாங்க வேண்டியதில்லை. வாங்குவதற்கான காரணம் அதிர்வு.

கடலில் முக்குளித்துப் பழகியவர்கள் நம் நீர்நிலைகளைக் கற்பனை செய்வது கடினம். ஏரியின் அடியில் முழங்கை மறையும் அளவுக்கு வண்டல் இருக்கும். துடுப்புக் காலணி ஒருமுறை பட்டுவிட்டால் எழும் கலங்கலில் முகக்கண்ணாடிக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. விளக்குப் போட்டால் பழுப்புத் திரைதான் ஒளிரும். அந்த இருளில் வாயில் கவ்வும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரிலிருந்து கிளம்பும் குமிழிகளின் இரைச்சல் காதை அடைக்கும்போது, மெல்லிய ஒலியைப் பிரித்துக் கேட்பதைவிட உள்ளங்கையில் உணரும் அதிர்வு பன்மடங்கு நம்பத்தக்கது. பொருளை நெருங்க நெருங்க அதிர்வு வலுப்பதால், கண்ணுக்கு வேலையே இல்லாமல் கையால் மட்டும் இடத்தைக் குறுக்கிக்கொண்டே போகலாம். இந்த ஒரு பண்புக்காகவே இதை நான் மனமாரப் பாராட்டுவேன்.

இரண்டாவது பலம் மண்ணைச் சார்ந்தது. பெயரில் உள்ள 'பல்ஸ்' என்பது கருவி இயங்கும் முறையையே குறிக்கிறது. சுருளில் மின்னோட்டம் குறுந்துடிப்புகளாகப் பாய்ந்து சட்டென நிற்கிறது. அருகில் உலோகம் இருந்தால் அதில் தூண்டப்பட்ட சுழல் மின்னோட்டம் உடனே அடங்காமல் சிறிது நேரம் தேய்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தாமதத்தைக் கருவி அளக்கிறது. இரும்புத்தாது கலந்த மண் இடைவிடாமல் அலையை அனுப்பும் வழக்கமான தொடரலை டிடெக்டர்களைக் குழப்பிப் பொய்க் குரல் எழுப்பச் செய்யும். துடிப்பு முறை அந்த மண்ணை ஏறக்குறைய பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறது. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என 2022ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்ததை நாமறிவோம். அவ்வளவு தொன்மையான இரும்புத் தொழில் நடந்த நிலத்தில், ஆற்று மணலிலும் ஓடை வண்டலிலும் இரும்புத்தாது கலந்த கருமணல் படிந்திருப்பதில் வியப்பில்லை. அத்தகைய அடிமண்ணிலும் இக்கருவி அமைதியாக இருக்கிறது.

அதே முறையே இதன் பெருங்குறையும் ஆகும். துடிப்பு முறைக் கருவி உலோகத்தை இனம் பிரிக்காது. தங்க மோதிரத்துக்கும் சோடா மூடிக்கும் ஒரே அதிர்வுதான். நம் ஏரிகளின் அடியில் என்னென்ன கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்: மீன் குத்தகைக்காரர்களின் வலையிலிருந்து அறுந்த ஈயக்குண்டுகள், தூண்டில் முட்கள், கட்டுக்கம்பித் துண்டுகள், படையலிட்டுக் கரைத்த சிலைகளின் ஆணிகள், குளிர்பானத் தகரங்கள். ஏரியின் திறந்த பரப்பில் சுருளை வீசிக்கொண்டு போனால் ஒவ்வொரு குப்பைக்கும் நின்று, சேற்றைக் கிளறி, கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். சிலிண்டரில் உள்ள காற்று தேடுவதற்கன்றித் தோண்டுவதற்கே தீர்ந்துபோகும். 'ஏரியில் பழைய நாணயம் தேடலாம்' என்ற ஆசையோடு இதை வாங்குபவர் ஏமாற்றமடைவார்.

இனம் பிரித்தல் வேண்டுமென்றால் தொடரலைக் கருவிகளையே நாட வேண்டும். கடல்நீரின் மின்கடத்தும் தன்மை ஒற்றை அலைவரிசைக் கருவிகளை அலைக்கழிக்கும். நன்னீரில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் ஏரிக்கு அவை நன்கு பொருந்துகின்றன. காரெட் நிறுவனத்தின் ஏடி ப்ரோ அத்தகையது. ஆனால் அது 10 அடி ஆழத்துக்கு மேல் போகக்கூடாது, கரையோரம் நின்று தேடுவதற்கே ஏற்றது. ஆழமும் இனம் பிரிப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் மைன்லாப் எக்ஸ்காலிபர் 2 உண்டு. 200 அடி ஆழம்வரை தாங்கும். ஆனால் அதன் நீண்ட தண்டையும் ஹெட்போன் வயர்களையும் வைத்துக்கொண்டு வட்டக்கிணற்றுக்குள் திரும்புவதே கடினம்.

கிணறு என்று வரும்போது பல்ஸ்டைவ் தன் முழுத் தகுதியைக் காட்டுகிறது. விழுந்த இடம் ஏறத்தாழ தெரியும், தேட வேண்டிய பரப்பு சிறியது, குப்பையும் குறைவு. கருவியின் குட்டை உடல் இடுக்குகளில் நுழையும். அடியில் ஒரு கல்லில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தபடி வட்டம் வட்டமாக, ஒவ்வொரு சுற்றுக்கும் சுருளின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கயிற்றை நீட்டித் துழாவினால் இடம் விடுபடாது. நாணயம் அளவிலான பொருளைச் சுருளின் விட்டத்துக்கு ஒத்த ஆழம்வரை எதிர்பார்க்கலாம். தாலிக்கொடியில் குண்டும் காசும் கோத்திருப்பதால் அது எளிதில் அகப்படும். மெல்லிய கழுத்துச் சங்கிலி அப்படியன்று. எந்த டிடெக்டரும் அதை ஒரே பொருளாக உணராமல் தனித்தனிக் கண்ணிகளாகவே உணர்வதால், சுருள் நேர் மேலே வந்தாலும் குரல் கொடுக்காமல் போகலாம். சங்கிலியைத் தேடித்தரக் கேட்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. கிணற்றின் இரும்புப் படிகள், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயக்கட்டி, காலில் செருகிய கத்தி ஆகியவையும் அதிர்வை எழுப்பும். ஆகவே கருவியைக் கை நீளத்துக்கு முன்னே தள்ளிப் பிடிக்கப் பழக வேண்டும்.

கருவியைப் பற்றிப் பேசும்போது அதைக் கொண்டு இறங்கும் உடலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. சப்மெர்சிபிள் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கித் தோட்டக்காரர் தம் பையில் வைத்துக்கொண்ட பிறகே கிணற்றில் கால் வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்பது தவறு. ஏரியில் வலை இருக்கும் என்று எண்ணியே கத்தியோடு இறங்க வேண்டும். நன்னீர் கடல்நீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்த்தி குறைந்தது. உடலும் சாதனங்களும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் கட்டும் ஈயத்தில் சுமார் இரண்டரைக் கிலோவைக் குறைக்க வேண்டும், இல்லையேல் சேற்றில் புதைந்து கலங்கலை நாமே கிளப்புவோம். பலரும் மறப்பது உயரம். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் முக்குளிப்பு அட்டவணைகள் கடல்மட்டத்துக்கு வகுக்கப்பட்டவை. 300 மீட்டருக்கு மேல் திருத்தம் தேவை. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டியும், ஓசூர் 900 மீட்டரை ஒட்டியும் அமைந்துள்ளன. இதே கணக்கை நீருக்குள் போடும் டைவ் கம்ப்யூட்டரில் உயரத்தையும் நன்னீரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கிருஷ்ணகிரியில் ஆழமாக முக்குளித்துவிட்டு உடனே ஓசூர் மேட்டில் ஏறுவதும் கூடாது.

அணைகளிலும் ஏரிகளிலும் உரிய அரசுத் துறையின் அனுமதியின்றி இறங்கலாகாது. ஒகேனக்கல்லின் பாறைச் சுழல்களில் அனுமதி கிடைத்தாலும் நான் இறங்க மாட்டேன். நிலத்தில் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்; 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. நடுகற்களும் பெருங்கற்காலச் சின்னங்களும் நிறைந்த இந்த மாவட்டங்களில் பழம்பொருள் தட்டுப்பட்டால், அதை அசைக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு தெரிவிப்பதே முறை.

ஆகவே தொலைந்த நகையைக் கிணற்றிலோ படித்துறையிலோ மீட்டுத்தரும் பணியில் ஈடுபடும் பயிற்சி பெற்ற முக்குளிப்பாளருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒருவர் தனியே வாங்குவதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வது சாலச் சிறந்தது, ஏனெனில் துணையின்றி யாரும் இறங்கக் கூடாத வேலை இது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்பகுதியின் பல கிணறுகளில் நீர் உப்பாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, மின்னேற்ற முனைகளைத் துணியால் துடைத்து, முற்றிலும் உலர்ந்த பின்னரே சார்ஜரில் இணைக்க வேண்டும்.