கிளினிக் கொப்பியும் பயிற்சிக் கொப்பியும்: இரண்டரை வருட அனுபவம்

மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் உள்ள ஒரு சிறிய உடற்பயிற்சிக் கூடத்தில் நான் சேர்ந்து இரண்டரை வருடங்கள் ஆகின்றன. வயது 54, சீனி வருத்தம் பதினொரு வருடமாகவும் பிரஷர் ஆறு வருடமாகவும் இருக்கின்றன. அங்குள்ள இயந்திரங்களைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அங்குள்ள பயிற்றுநரும் என் கிளினிக் வைத்தியரும், ஒருவரையொருவர் ஒரு தடவையேனும் நேரில் காணாமல், என்னை எப்படிச் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள் என்பதையே எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறொரு கூடத்துக்கு மூன்று கிழமை போனேன். அங்கே என் வருத்தங்களை எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 220இலிருந்து வயதைக் கழித்து, வருகிற எண்ணில் எழுபது வீதத்தை நாடித்துடிப்பு எட்டும்வரை ஓடச் சொன்னார்கள். பிரஷருக்கு நான் போடும் அட்டெனோலோல் குளிசை இதயத் துடிப்பை மட்டுப்படுத்தி வைப்பது என்பதால், அந்த எண் எனக்கு எளிதில் வராது. வரவில்லை என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு நாள் காலை, சீனிக் குளிசையைப் போட்டுப் பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தபோது உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டிக் கண் இருண்டது. நெஞ்சு படபடக்கவில்லை, ஓடுகிறவனுக்கு வியர்ப்பது இயல்பு என்பதால் பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. சீனி இறங்கும்போது வரும் படபடப்பை அதே பிரஷர் குளிசை மறைத்துவிடும் என்பதையும், வியர்வைதான் எனக்கு முக்கிய அடையாளமாக எஞ்சும் என்பதையும் பிறகு வைத்தியர் விளக்கினார்.

இப்போதைய பயிற்றுநர் முதல் நாளே ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொன்னார். இரண்டுக்கு நான் ‘ஆம்’ என்று எழுதியதைக் கண்டதும், “சேர், கிளினிக் கொப்பியக் கொண்டு வாங்க, பார்த்திட்டுத் தொடங்குவம்” என்றார். மறுநாள் கொப்பியைப் பார்த்து, தான் தர நினைக்கும் பயிற்சிகளையும் தனக்குள்ள மூன்று சந்தேகங்களையும் அரைப் பக்கத்தில் எழுதி, வைத்தியரிடம் காட்டச் சொல்லி என் கையில் தந்தார். வைத்தியர் அதன் கீழேயே பதில் எழுதினார்: விழித்திரையைச் சோதித்த பிறகே பாரம் தூக்கலாம்; பாத உணர்ச்சி நன்றாக இருக்கிறது; நாடியை எண்ணாமல், பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவில் பயிற்சி நடக்கட்டும்.

கண் கிளினிக்கில் திகதி கிடைக்க ஐந்து கிழமை சென்றது. அதுவரை பயிற்றுநர் நடையையும் கதிரையில் அமர்ந்து எழுவதையும் தவிர வேறொன்றுக்கும் விடவில்லை. காசு கட்டிவிட்டு நடக்கவா வந்தேன் என்று அப்போது எனக்குக் கோபம். சீனியால் விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது பிரஷர் ஏறி அவை கசியக்கூடும் என்று கண் வைத்தியர் சொன்ன பிறகுதான், அந்த இளம் பயிற்றுநர் எனக்காக எதைக் காத்தார் என்பது புரிந்தது. நல்லவேளையாக என் விழித்திரையில் பழுதில்லை.

அவர் தொடங்கித் தந்த பயிற்சிக் கொப்பி சாதாரணச் சதுரக் கோட்டுக் கொப்பிதான். திகதி, பயிற்சிக்கு முன் சீனி, கடைசியாகச் சாப்பிட்டது, பயிற்சிக்குப் பின் சீனி, பேச முடிந்ததா என்று ஐந்து நிரல்கள். சீனி 90க்குக் கீழே இருந்தால் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் சாப்பிட்டு, மறுபடி குத்திப் பார்த்த பிறகுதான் தொடங்கலாம். நான்காம் மாதத்தில் இரண்டு கிழமைக்குள் மூன்று தடவை 90க்குக் கீழே போயிருந்தது. பயிற்றுநர் அந்த மூன்று எண்களையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார். குளிசையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் இதைக் காட்டுங்கள் என்றார். வைத்தியர் ஒரு நிமிடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, காலையில் போடும் சீனிக் குளிசையான கிளிக்லசைட்டைப் பாதியாகக் குறைத்தார். கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கும் வெறும்வயிற்றுச் சீனியில் இது ஒருபோதும் தெரிந்திருக்காது. பதினெட்டு மாதத்தில், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் என் எச்பிஏ1சி 9.2இலிருந்து 7.1 ஆனது.

குறைகளும் உண்டு. கிளினிக்கில் வைத்தியர்கள் மாறுகிறார்கள். புதிதாக வந்த ஒருவர், ஜிம்மில் எழுதுவதையெல்லாம் தான் பார்ப்பதில்லை என்று கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் இருந்த மூன்று மாதமும் பயிற்றுநர் பழைய அளவிலேயே நிறுத்தி வைத்தார். தோள் இறுகியபோது அவர் என்னை பிசியோதெரபிக்கு அனுப்பினார்; அங்கே தந்த தாளும் அதே கொப்பியில்தான் ஒட்டப்பட்டது. எல்லாக் கடிதங்களையும் சுமந்து போவது நோயாளிதான். எழுத வாசிக்கச் சிரமப்படும் ஒரு வயதானவருக்கு இந்த ஏற்பாடு நடக்காது என்பது எனக்கு உண்மையான கவலை. கிளினிக் கொப்பியிலேயே பயிற்றுநர் எழுத ஒரு பக்கம் ஒதுக்கினால் பாதிச் சிரமம் தீரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடத்தை இப்போது கூடத்தில் மூன்று நாளும், பழைய கல்லடிப் பாலத்தில் மாலை நடையாக இரண்டு நாளும் நிறைவு செய்கிறேன். என் கொப்பியிலுள்ள எண்களைப் பார்த்து வேறெவரும் தம் குளிசையைக் குறைக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் தமக்குரிய அளவுகளை வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொண்டே தொடங்க வேண்டும். கூடத்தில் சேரும்போது கிளினிக் கொப்பியைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே எடுத்து மேசையில் வையுங்கள்.