98, 95, 95, 95, 91: ரோ நம்பரா, ரேங்க்கா, டென்ஸ் ரேங்க்கா?

ஐந்து மாணவர்கள், மேலே உள்ள மதிப்பெண்கள். முதல் மூன்று இடத்தை எடுக்க எஸ்க்யூஎல்லில் ஒரு க்வெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எழுத வேண்டும். தலைப்பில் உள்ள மூன்றும் வரிகளுக்கு வரிசை எண் தரும் ஃபங்ஷன்கள். மதிப்பெண்ணை இறங்குவரிசையில் ஆர்டர் பை செய்தால் கிடைப்பவை:

ரோ நம்பர்: 1, 2, 3, 4, 5
ரேங்க்: 1, 2, 2, 2, 5
டென்ஸ் ரேங்க்: 1, 2, 2, 2, 3

"<= 3" என்று வடிகட்டினால் முதலாவதில் 3 பேர், அடுத்ததில் 4 பேர், கடைசியில் 5 பேரும் வருவார்கள். "= 3" என்று கேட்டாலோ ரேங்க் ஒருவரையும் தராது. எதிலும் எரர் வராது என்பதால் தவறு வெளியே தெரிவதில்லை.

இவற்றில் ஆபத்தானது ரோ நம்பர். 95 வாங்கிய மூவரில் ஒருவர் சத்தமில்லாமல் விடுபடுவார். யார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இன்று ஒருவர், இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) மாறினால் இன்னொருவர். பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும்போது ஒரே ஆள் இரண்டு பக்கத்தில் தோன்றுவதும் இதனால்தான். ஆர்டர் பையின் கடைசியில் ஐடியைச் சேர்த்தால் வரிசை நிலைக்கும். இரட்டைப் பதிவுகளை நீக்க, ஆளுக்கு ஒரு வரி எடுக்க ரோ நம்பரே சரியான கருவி. அதே ஐடியை ரேங்க்கில் சேர்த்துவிடாதீர்கள்: சமநிலையே உடைந்து 1, 2, 3, 4, 5 ஆகிவிடும்.

பரிசு, தரவரிசைப் பட்டியலுக்கு ரேங்க்: தனக்கு மேலே நான்கு பேர் இருந்தால் ஐந்தாம் இடம். "மூன்றாவது அதிகச் சம்பளம் எவ்வளவு" என்ற நேர்முகத்தேர்வுக் கேள்விக்கு டென்ஸ் ரேங்க். அங்கே எண்ணப்படுவது ஆள் அல்ல, தொகை.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் ஆகிய தரவுத்தளங்களில் இறங்குவரிசையில் நல் (NULL, அதாவது வெற்று) மதிப்புகள் முதலில் வரும். தேர்வே எழுதாதவர்கள் எல்லோரும் சேர்ந்து முதலிடம் பிடிப்பார்கள்! ஆர்டர் பையில் 'நல்ஸ் லாஸ்ட்' போடுங்கள். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டிலும் நல் தானாகவே கடைசிக்குப் போகும்.

மூன்று ஃபங்ஷன்களையும் நேரடியாக வேர் (WHERE, வடிகட்டும்) பகுதியில் எழுத முடியாது; உள்க்வெரியில் கணக்கிட்டு வெளியே வடிகட்ட வேண்டும். வகுப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தத்தில் முதல் மூன்று மட்டும் போதுமென்றால் ஃபங்ஷனே வேண்டாம்: போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 3 ரோஸ் வித் டைஸ்', எஸ்க்யூஎல் சர்வரில் 'டாப் 3 வித் டைஸ்'. ரேங்க் தரும் அதே 4 பேர் வருவார்கள். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி இல்லை, அங்கே 8.0 பதிப்பிலிருந்து ரேங்க்தான் வழி.